மூன்று தரமும் நூற்று முப்பது

ஜனவரி 14, செவ்வாய்
தாதிமாருக்கு இரத்தப் பரிசோதனை பற்றி வகுப்பெடுக்க அஸ்னாவைக் கேட்டிருக்கிறார் டொக்டர். மதுரங்குளியில் இந்த லேப்பில் எனக்குப் பதினொரு வருடம். அவள் கம்பஸில் படிப்பு முடித்து வந்து மூன்று மாதம்கூட இல்லை. வயிறு எரிகிறது. இங்கேகூட மறைப்பானேன்?

ஜனவரி 15
அஸ்னா வகுப்புக்கு ஒத்திகை பார்க்கிறாளாம். "செம்மை எண்டா உண்மையான அளவுக்குக் கிட்ட வாறது. திட்பம் எண்டா எத்தின தரம் பாத்தாலும் ஒரே அளவு வாறது. ஒண்டு இருந்தா மத்ததும் இருக்கும் எண்டில்ல." இதைச் சொல்ல ஒரு கம்பஸா?

ஜனவரி 22
உப்பளத்து ஹயாத்து முகம்மது காக்காவின் வெறும் வயிற்றுச் சீனி 130. பார்த்தது நான். பின்னேரம் அதே இரத்தத்தை, மெஷினுக்கு அளவு காட்டும் தூளைத் தானே புதிதாகக் கரைத்து, அவளும் பார்த்தாள்: 103, 105, 104. விட்டேனா? என் கரைசலில் மூன்று தரம் பார்த்தேன். 130, 130, 130. இரண்டையும் டொக்டரிடம் கொண்டுபோனேன். "ஆர்ட கை ஆடுது எண்டு நீங்களே பாருங்க." என் 130ஐ நம்பி, காக்காவுக்குச் சீனி குறைக்கும் குளிசை எழுதினார். அஸ்னாவுக்கு நல்ல ஏச்சு. இன்று எனக்குச் சோறு ருசித்தது.

ஜனவரி 30
காக்கா உப்பளத்தில் மயங்கி விழுந்துவிட்டார். சீனி ஒரேயடியாக இறங்கியிருக்கிறதாம். "குளிசை தொடங்கின நாள்லேந்து மனுசனுக்கு வேர்த்துக் கொட்டுது" என்றார் அவர் மனைவி. என் 130 சரிதானே? சரியென்றால் —

ஜனவரி 31
தூள் பெட்டிக்குள் கிடந்த தாளை இன்றுதான் வாசித்தேன். தூளை ஐந்து மில்லி தண்ணீரில் கரைப்பது என் கைப்பழக்கம். புதிய பெட்டிக்கு நாலு. கரைசல் தண்ணியாய்ப் போனால் மெஷின் இரத்தத்துச் சீனியைக் கூட்டிக் காட்டும். ஒரு மாதமாக எல்லாருடைய சீனியையும் கால்பங்கு கூட்டிக் காட்டியிருக்கிறேன், பிசகாமல். "ராத்தா, தாளப் பாத்தீங்களா?" என்று அவள் அன்றே கேட்டாள். நீ எனக்குப் படிப்பிக்க வராதே என்றேன்.

டொக்டர் அவளை வேலையிலிருந்து நிற்பாட்டும் யோசனையில் இருக்கிறார். தாளைக் கிழித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. யா அல்லாஹ், எனக்கு ஏன் இப்படி நினைப்பு வருது?

பெப்ரவரி 1
டொக்டரிடம் சொன்னேன். அஸ்னாவையும் வைத்துக்கொண்டே.

பெப்ரவரி 10, திங்கள்
லேப் பொறுப்பு இனி அஸ்னாவுக்கு. பிழையான ரிப்போர்ட் வாங்கிய நாற்பத்தொரு பேரையும் நான்தான் கூப்பிட்டு வருகிறேன். காக்கா இன்று வந்தார். "மகள், பிழை ஆருக்கும் வரும்" என்று என்னைத்தான் சமாதானப்படுத்தினார். இரத்தம் நான் எடுத்தேன், அஸ்னா பார்த்தாள். 102. அல்ஹம்துலில்லாஹ். ரிப்போர்ட்டை எழுதியதும் அவள்தான்.

கையெழுத்தும் என்னுடையதைவிட வடிவு.