வழிக்காரரின் முகம்

மார்ச் 4
சுவர் கிடைத்துவிட்டது. பேருந்து நிலையத்தில் பயணிகள் உட்காரும் கூடத்தின் நீளச் சுவர், நாற்பதடி. எங்கள் ஜனத்தின் கதையை நானும் என் சிநேகிதி வாயாடியும் வரையப்போகிறோம். காட்டிலிருந்து இறக்கி இங்கே குடிவைத்து முப்பது வருடம். எங்கள் கதைக்கு இந்த ஊரில் இதுதான் முதல் சுவர். அம்மாவிடம் சொன்னேன். "எந்தக் கதை?" என்றாள். வழிக்காரர் கதை என்றதும் எழுந்து போய்விட்டாள்.

அண்ணன் இறந்து பதினோரு மாதம். நான் யோசித்திருக்க வேண்டும்.

மார்ச் 9
கரியால் கோடு போட்டோம். செத்தவர்களை மலைக்கு அப்பால் கூட்டிப்போகிறவர் வழிக்காரர். முன்னே அவர், பின்னால் வரிசையாக மற்றவர்கள். எல்லாருக்கும் முதுகுதான். வழிக்காரருக்கு எங்கள் ஆட்கள் யாரும் முகம் வரைவதில்லை. வரைந்தால் அவர் திரும்பி நின்றுவிடுவார். பின்னால் போகிறவர்களும் நின்றுவிடுவார்கள். இதை எனக்குச் சொன்னவன் அண்ணன். "எனக்கு முகமே வரைய வராது, நல்லவேளை"ன்னு சிரிப்பான்.

மார்ச் 13
நிலைய மேலாளர் வந்து பார்த்தார். "ஏம்மா, எல்லாரும் முதுகக் காட்டிட்டு நிக்கறாங்க? ஒரு முகமாவது போடு. இல்லேன்னா மேல இருக்கறவங்க வெள்ளையடிக்கச் சொல்லிடுவாங்க." நல்ல மனிதர்தான். விளக்கிச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

மார்ச் 15
வாயாடிக்குக் காய்ச்சல், வரவில்லை. தனியாக இருந்தேன். வழிக்காரருக்கு முகம் போட்டுவிட்டேன். ஒரு முகத்துக்காகச் சுவரே போவதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாருடைய சாயலும் இல்லாத முகமாகத்தான் வரைய நினைத்தேன். ஏணியிலிருந்து இறங்கித் தள்ளி நின்று பார்த்தால் — அண்ணன். புருவத்து வெட்டுத் தழும்புகூட. சத்தியமா நான் நெனச்சுப் போடல.

மார்ச் 17
வாயாடி வந்து பார்த்தாள். அவள் வாயைத் திறக்காத நாளை இன்றுதான் பார்க்கிறேன். மேலாளருக்கு மட்டும் பரம திருப்தி.

மார்ச் 18
அண்ணனுடைய செருப்பு வாசலில் கிடந்தது. கட்டிலுக்கடியில் பெட்டிக்குப் பின்னால் வைத்த செருப்பு. ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. அவன் கழற்றிப் போடுகிற மாதிரியே.

மார்ச் 19
உள்ளே எடுத்து வைத்தேன். மறுபடியும் வாசலில். "நீதானே எடுத்துப் போட்டே?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"நான் நீன்னு நெனச்சேன்" என்றாள்.

மார்ச் 23
அம்மா தினமும் பேருந்து நிலையம் போகிறாளாம். எந்தப் பேருந்திலும் ஏறாமல் சுவருக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளாம். வீட்டில் மூன்று தட்டு வைக்கிறாள். நான் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் எடுத்துவிடுவாளோ என்று பயம். எனக்கும் அவன் இருக்கட்டும் என்றுதான் இருக்கிறது. இருந்துட்டுத்தான் போகட்டுமே! யாருக்கு என்ன நஷ்டம்?

மார்ச் 26
யாருக்கு என்று இன்று தெரிந்தது. வாயாடி வெடித்துவிட்டாள். "உங்கண்ணன் மட்டுமா அந்த வரிசையில போறாரு? எங்கப்பாவும் அதுலதான் இருக்காரு. ஏழு வருஷமா நடந்து, போய்ச் சேர்ற நேரம். அவரையும்ல நிறுத்தி வச்சிருக்கே!"



மார்ச் 27
வாயாடி சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். "நின்னுக்கிட்டே இருந்தா அவனுக்கும் கால் வலிக்கும்டி" என்றாள்.

மார்ச் 28
காலையிலேயே வாயாடியையும் கூட்டிக்கொண்டு மூவரும் முகத்தை அழிக்கப் போனோம். மேலாளர் தடுத்தார். அம்மாதான் பேசினாள். "ஐயா, அது எம்பையன். அவன் போகணும்." அவர் சுவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு ஏணியை அவரே வந்து பிடித்துக்கொண்டார்.

புருவத்திலிருந்து ஆரம்பித்தேன். முகம் இருந்த இடம் பின்தலை முடியாகி, வழிக்காரர் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வரிசையின் கடைசியில் இன்னொரு முதுகு வரைந்தேன். அம்மா என்னிடமிருந்து தூரிகையை வாங்கிக்கொண்டாள். வாழ்க்கையில் தூரிகை பிடித்தவள் இல்லை.

"ரெட்டைச் சுழிடி அவனுக்கு. ரெண்டு பொண்டாட்டி கட்டுவான்னு எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்போம்! ஒண்ணு நடுவுல, ஒண்ணு இடப்பக்கம் தள்ளி."

இரண்டையும் அவளே போட்டாள்.

மார்ச் 29
இரண்டு தட்டு.

செருப்பு வாசலில் இல்லை. கட்டிலுக்கடியிலும் இல்லை. நாங்கள் தேடவில்லை.