வாய் கொப்பளிக்கும் மருந்து

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

உன் நலம் விசாரித்து விசாரித்து என் பேனாதான் இளைத்துவிட்டது. நான் சௌக்கியம். உன் அத்தான் அப்படியேதான் இருக்கிறார். நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இறுகிப்போய், இதயம் தள்ளித் தள்ளி ஓய்கிறதாம். தையல் கடையில் ஒரு சட்டைத் துணியை வெட்டி முடிப்பதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிடுகிறார். உங்கள் ஆராய்ச்சிக்குழு கொடுத்த பீட்ரூட் சாற்றை மட்டும் சொட்டு மிச்சமில்லாமல் குடிக்கிறார். "உன் தம்பி என்னைச் செவப்பாக்காம விடமாட்டான் போல" என்று கிண்டல் வேறு.

நானே ஒரு பல் டாக்டராக இருந்துகொண்டு, வாயிலிருந்து கிருமி இதயத்துக்குப் போக விடுவேனா? காலையும் மாலையும் என் கிளினிக் மருந்தால் கொப்பளிக்க வைக்கிறேன். அடுத்த கட்டத்தில் நைட்ரிக் ஆக்சைடு வாயுவையே சுவாசிக்கக் கொடுப்பீர்களாமே. அதைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறோம்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். சாற்றிலுள்ள நைட்ரேட்டை முதலில் மாற்றித் தருவதே நாக்கில் வாழும் கிருமிகள்தான். அதிலிருந்துதான் உடம்பு நைட்ரிக் ஆக்சைடு செய்து, இறுகிய குழாய்களைத் தளர்த்துகிறது. நீ அவற்றைக் கொன்றுவிட்டாய். கொப்பளிக்கும் மருந்து கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தோம்.

அத்தானின் அளவுகள் இனி ஆராய்ச்சிக் கணக்கில் சேராது. குழுவில் சொல்லிவிட்டேன். முதல் கட்டத்தை ஒழுங்காக முடித்தவர்களுக்குத்தான் வாயு. மற்ற மாத்திரைகளை நிறுத்திவிடாதே. எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

ஸ்பிரிட் கலந்ததைத்தான் கூடாது என்கிறீர்கள் என்று நினைத்தேன். என்னுடையதில் அது கிடையாது. படித்த திமிர் என்றே வைத்துக்கொள்.

ஆனால் நான் எழுதியது என் தம்பிக்கு. அது எப்படி உன் ஆபீசுக்குப் போனது? நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அவருடைய இடத்தைத் திரும்ப வாங்கிக் கொடு. கூடப் பிறந்தவள் கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 20

அக்கா,

யாருக்கும் தெரிந்திருக்காது. அத்தானின் அளவுகளைப் பார்த்துச் சாற்றில் பயனில்லை என்று எழுதியிருப்போம். அதை நம்பி, தேவைப்பட்ட யாருக்கோ அந்தச் சாறு கிடைக்காமல் போயிருக்கும்.

இடத்தைத் திரும்ப வாங்க என்னால் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "அவன் செஞ்சது சரிதான். அவன்கிட்ட கோவிச்சுக்காதே" என்றார். அவர் சொல்லிவிடுவார். பக்கத்தில் படுத்து அந்த இளைப்பைக் கேட்பது நான். எனக்குக் கோபம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா, அவர் உன்னைத் தேடுகிறார். வயிறாரச் சாப்பாடு போடுவேன். இனி அவர் உடம்பைப் பற்றி உனக்கு ஒரு வரிகூட எழுத மாட்டேன். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நேரில் வந்து பார்த்துக்கொள்.

அக்கா