சாம்பல் நாம்பனின் நாக்கில் நாம் கண்டது

என் ஒரே கூடப்பிறப்பே, தம்பி செல்வராசா,

நீ கண் மூடிய முப்பத்தோராம் நாள் வருகிறது. அந்தியேட்டிக்கு நினைவு மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். நெடுந்தீவின் மாடுகளைக் காப்பாற்றிய மிருக வைத்தியர் என்று எல்லோரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பொய் இல்லை, காப்பாற்றினாய்தான். யாரைக் கொடுத்துக் காப்பாற்றினாய் என்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அதை நான் எழுதுகிறேன். "மாமி, இது மலருக்கு வேண்டாமே" என்றான் உன் மகன். வேண்டும் என்றேன்.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். நீ படித்துக் கழித்த புத்தகங்களில் எழுத்துக் கூட்டப் பழகியவள். பிழை இருந்தால் இருக்கட்டும்.

இருபது வருஷத்துக்கு முந்திய கதை. நம் துரவடியின், அந்த நல்ல தண்ணீர்க் கிணற்றடியின், வழக்கம் உனக்குத் தெரியும். தண்ணீர் அள்ள வருகிறவர் முதலில் கல்தொட்டியை நிரப்ப வேண்டும். எவருடைய மாடு வந்து குடிக்கிறது என்று பார்க்கக் கூடாது. நல்ல தண்ணீர் அரிதான தீவில் அதுதான் தருமம். அந்தத் தருமத்தாலேயே ஒரு மாட்டின் நோய் வருத்தம் ஊர் மாடெல்லாவற்றுக்கும் போகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

என் சிவப்பி வாயில் நுரை தள்ளி, கால் நொண்டினாள். "உப்புப் புல்லு மேய்ஞ்சு வாய் வெந்திருக்கும்" என்றார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. ஊர்காவற்றுறையில் வேலை பார்த்த உனக்குக் கடல் கடக்கும் லோஞ்சுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். மருந்துப் பெட்டியோடு அடுத்த நாளே வந்தாய்.

சிவப்பியின் வாயைத் திறந்து பார்த்தாய். "அக்கா, இது குளம்புவாய் நோய். கொப்புளம் ரெண்டு நாளையது. இதுக்கு முந்தி வேறை மாட்டுக்கு வந்திருக்கோணும். தொட்டியிலை ஆரின்ரை மாடெல்லாம் குடிக்குது?"

நான் ஒவ்வொரு வீட்டு வளவாகச் சொன்னேன். இருவரும் வெயிலில் நடந்து ஒவ்வொரு மாட்டின் வாயாகப் பார்த்தோம். கடைசியில் வள்ளக்காரச் சின்னத்தம்பியரின் வளவு. அவர் தன் வள்ளத்தில் வெளியூரிலிருந்து இறக்கிய இளங்காளை, அந்தச் சாம்பல் நாம்பன், நின்றது. மூக்குக் கயிற்றை நான் பிடித்தேன், நீ நாக்கை இழுத்துப் பார்த்தாய். "தழும்பு ஆறிப்போச்சு, அக்கா. பத்து நாளுக்கு மேலை. இதுதான் முதல்." சொன்னாயா, இல்லையா?

நாம்பனைக் கொண்டுபோய்க் கட்டும்படி என்னிடம் சொல்லிவிட்டு, நீயும் அவரும் உள்ளே கதிரையில் இருந்து கதைத்தீர்கள். நான் வெளியே நின்றேன்.

மூன்றாம் நாள் இறங்குதுறையில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. மாடு ஏற்றக் கூடாது, இறக்கக் கூடாது, எல்லா மாட்டுக்கும் ஊசி. அதன் கீழே, நோய் தொடங்கிய இடம் என்று போட்டு என் பெயரும் என் வளவும். மூன்று தரம் எழுத்துக் கூட்டி வாசித்தேன். நீ படித்த புத்தகங்களில் நான் பழகிய எழுத்தால், உன் கையெழுத்துக்கு மேலே என் பெயரை வாசித்தேன்.

பிறகு துரவடியில் என் வாளியைக் கண்டால் மற்ற வாளிகள் விலகின. "தள்ளுங்கோ, ஊருக்கு வருத்தம் குடுத்தவ வாறா." இன்னொருத்தி சிரித்தாள்: "அக்கா, தம்பிக்குச் சொல்லிவிடுங்கோவன், எங்கடை கோழிக்கும் மூக்கொழுகித் தடிமன்!" இரண்டு வருஷம் கடற்கரைப் பக்கத்து உவர்த் தண்ணீரில் சமைத்தேன். மாடுகளைக் கொடுத்துவிட்டேன். பிறகு வளர்க்கவில்லை.

அறிவித்தலைக் கண்ட அந்தக் கிழமையே உன் காரியாலயத்துக்கு வந்து கேட்டேன்.

"சின்னத்தம்பியர் ஊசியை மறிச்சால் முழுத்தீவும் மறிக்கும், அக்கா. தன்ரை பேர் வராட்டில் தானே முன்னுக்கு நிண்டு மாடுகளை ஊசிக்குச் சாய்ச்சுக்கொண்டு வாறன் எண்டார். ஊசி போடாட்டில் வருத்தம் புங்குடுதீவு, வேலணை எண்டு போயிடும். உங்களாலை தாங்க ஏலும் எண்டு நினைச்சன்."

"என்னை ஒரு சொல்லுக் கேட்டியாடா?"

"கேட்டால் மாட்டன் எண்டிருப்பியள்."

"ஓம். எண்டிருப்பன்."

சின்னத்தம்பியர் சொன்னபடி செய்தார். ஊசி போட்டாய், நோய் தீவைத் தாண்டவில்லை. அவர் மேளதாளத்தோடு சுடலைக்குப் போனார். நீயும் போய்விட்டாய். அந்த அறிவித்தல் பிழை என்று ஒரு கடதாசியில் எழுத உனக்கு இருபது வருஷம் போதவில்லையா? தாங்கக் கூடியவள் என்றால் தலையில் எவ்வளவும் ஏற்றலாமா?

இனி நீ அறியாத சேதி. நீ போன இரண்டாம் கிழமை, துரவடியில் ஒரு கன்று வாயில் நூலாக எச்சில் வடிய நின்றது. அயல்வீட்டு மரியம்மாவின் கன்று. கண்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

"எத்தினை நாளாய், பிள்ளை?" என்று மரியம்மாவைக் கேட்டேன்.

"ஒரு கிழமை இருக்கும்."

"ஏன் அறிவிக்கேல்லை?"

"அறிவிச்சு? உங்களுக்கு நடந்ததைப் பாத்துக்கொண்டுதானே அக்கா நாங்கள் வளந்தனாங்கள்."

தம்பி, இதைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும். நாக்கைப் பார்த்து நாள் சொல்லத் தெரிந்த உனக்கு இது தெரியாமல் போயிற்றே. வைத்தியருக்கு வருத்தத்தைக் காட்டிக் கொடுப்பது மாடா? மாட்டுக்காரரின் சொல்லல்லவா? சொன்னவளைக் கைவிட்டால் அடுத்தவள் ஏன் சொல்வாள்?

மரியம்மாவிடம் மன்றாடவில்லை. "நீ வந்து சொல்லு. ஊர் உன்னை ஒதுக்கினால் நான் உன்ரை வீட்டிலை வந்து இருப்பன். எனக்கு மாடில்லை, வருத்தத்தை ஆற்றையும் மாட்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்கவும் மாட்டன்" என்றேன். காலை லோஞ்சில் இருவரும் உன் காரியாலயத்துக்குப் போனோம். உன் கதிரையில் இப்போது ஒரு சின்னப் பெடியன் டொக்டர். அவர் எழுதி முடித்ததும் கடதாசியை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவர் சிரித்தார். "என்ன அம்மா, நம்பிக்கை இல்லையோ?" "இல்லை, அய்யா" என்றேன்.

மரியம்மாவின் வாசலில் இப்போது மருந்துத் தண்ணீர்ச் சட்டி வைத்திருக்கிறார்கள். போகும்போதும் வரும்போதும் அதில் கால் நனைக்கிறேன். அவள் குசினி அடுப்படியில் இருந்துதான் இதை எழுதுகிறேன். வேறு யாரும் வருவதில்லை. கன்று நேற்றுக் கொஞ்சம் புல்லுத் தின்றது.

உன்னை மன்னிக்கிறேன் என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும் என்கிறான் உன் மகன். எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன்: நான் உயிரோடு உள்ளவரை, இந்தத் தீவில் எவர் முதலில் வாய் திறந்து சொன்னாலும் அவர் தனியே இருக்க மாட்டார்.

இப்படிக்கு,
தாங்கினவள், ஆனால் கேட்கப்படாதவள்,
உன் அக்கா