ஜெர்சியின் இடது கை

பாப்பா,

அன்று உன் ஹாக்கி ஜெர்சியின் வலது கையைப் பின்னி முடித்ததும் அம்மா, "ஊசியை உருவித் தொலைச்சிடாதீங்க, கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் போனாள். பிணமாகத்தான் வந்தாள்.

இடது கையை நான் பின்னினேன். உன் முழங்கைக் கவசத்தை மறந்து வெறுங்கைக்கு அளவெடுத்துவிட்டேன். நேற்று நீ, "இது ஏறவே இல்லப்பா, கடையில வாங்கிக்கறேன்" என்றதும் எரிந்து விழுந்தேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடு. சாயங்காலம் நேராக மைதானத்துக்கு வந்துவிடுகிறேன். எதைப் போட்டு ஆடினாலும் கைதட்டுவேன்.

பி.கு.: இடது கையின் தையலைப் பிரித்து, நடுவில் ஒரு பட்டை வைத்துத் தைத்திருக்கிறேன். கவசம் நுழையும். பட்டை வேறு நிறம்.

வலது கையும் முதுகில் உள்ள உன் ஏழாம் எண்ணும் அம்மா பின்னியபடியே இருக்கின்றன.