சூடேறாத ஹீட்டர்

என் அருமை மாமாவுக்கு,

நம் வேனின் டேஷ்போர்டை நேற்றுதான் முழுசாகப் பிரித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

உனக்கு நினைவிருக்கிறதா? உத்திரமேரூரில் என் மெக்கானிக் ஷெட்டுக்கு வேனைக் கொண்டுவந்து, "கால் வெக்கிற எடத்துல பச்சக் கலர்ல தண்ணி கசியுதுடா, இன்னான்னு பாரு" என்றாய். ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டரில் ஓட்டை. இன்ஜின் சூட்டை அதற்குக் கொண்டுவருகிற கூலன்ட் தண்ணீர்தான் கசிந்தது. மாற்றுவதென்றால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், இரண்டு நாள் ஆகும். வாசலில் அறுவடை டிராக்டர்கள் வரிசையாக நின்றன. ஹீட்டருக்குப் போகிற ஹோஸையும் வருகிற ஹோஸையும் பிடுங்கி, கூலன்ட் ஹீட்டருக்குள் போகாதபடி ஒன்றோடொன்று சேர்த்துக் கிளிப் போட்டுவிட்டேன். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். இந்த வேக்காட்டில் எவன் ஹீட்டர் போடப்போகிறான்?

"கசிவு நின்னுச்சாடா?"

"நின்னுபோச்சி மாமா."

பொய்யில்லை. ஹீட்டரும் நின்றுபோனதை மட்டும் சொல்லவில்லை.

அந்த மார்கழியில் வடக்கே மலைக்கோயிலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனாய். ஒரு சாயங்காலம் போன் செய்தாய். "டேய், ஹீட்டர் போட்டா சில்லுனு காத்து அடிக்குது. கண்ணாடி பூரா ஆவி புடிச்சிகினு கீது. இன்னா பண்றது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வண்டியை ஓரங்கட்டு, மேலே ஏறாதே என்று. வெட்கமாக இருந்தது மாமா. நல்ல மெக்கானிக்டா நீ என்று ஊரெல்லாம் சொல்லிக் கிண்டலடிப்பாயே என்ற வெட்கம், வேறொன்றுமில்லை. "கொஞ்ச நேரம் ஓடினா சூடேறிடும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அரைமணி நேரத்தில், வளைவு தெரியாமல் பாறையில் மோதினாய். உன் பக்கம் மட்டும் நசுங்கியது. உன்னோடு வந்தவர்கள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பினார்கள், நீ மட்டும் திரும்பவில்லை. பனி என்றார்கள், விதி என்றார்கள். நானும் தலையாட்டினேன். நசுங்கிய வேனை நானே சரிசெய்தேன். அந்த ஹோஸை மட்டும் தொடக் கை வரவில்லை.

இப்போது அக்கா அந்த இடத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்கிறாள், அதே வேனில். குளிர் முற்றுவதற்குள் போய் வரலாம் என்றேன். அதற்காகத்தான் பிரித்தேன். புது ரேடியேட்டர் வைத்து, ஹோஸ்களை மறுபடி அதில் மாட்டி, கூலன்ட் நிரப்பி, ஹீட்டரைப் போட்டேன். சூடான காற்று வந்தது. அதில் கையை நீட்டிக்கொண்டு அழுதேன்.

அக்கா சாப்பாடு கொண்டுவந்தாள். "இன்னாடா, இந்த வெயில்ல ஹீட்டர போட்டுகினு குந்திகினு கீற?"

சொல்லிவிட்டேன். ஹோஸிலிருந்து போன் வரைக்கும் எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அப்போ அவரு, சூடேறிடும்னு நம்பிகினேதான் போயிருப்பாரு, இல்ல?"

நம்பினாயா, மாமா?

சாப்பாட்டுத் தூக்கை பானட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்று காலையில் போன் செய்தாள். "கெளம்புற நாள சொல்லு. நான் வர்றேன். வழியில எங்கிட்ட பேசாத."

பேசமாட்டேன். அந்த வளைவு வரைக்கும் ஹீட்டர் ஓடும், அக்காவுக்குக் குளிராது. கண்ணாடியில் ஒரு பொட்டு ஆவி படிந்தாலும் வண்டியை நிறுத்திவிடுவேன். இது சத்தியம், மாமா. இந்த முறை நம்பலாம்.

இப்படிக்கு,
சூடேறிடும் என்று உன்னிடம் சொன்ன
உன் மச்சான்