உடையாத பாலம்

காரைக்குடி
12.7.2025

அன்புள்ள லேகாவுக்கு,

போன் செய்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அதனால் பேனாவை எடுத்தேன். சென்னைச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நீ அழைத்துவந்த கம்பெனிக்காரர்கள் வாடகைக்கு உதவி செய்யச் சம்மதித்துவிட்டார்கள். பழைய மாவுமில்லில் நாம் வகுப்பு நடத்தும் கூடத்துக்கு மேஜை, ஃபேன் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அவர்கள் வந்து பார்த்த அன்றிலிருந்து தீக்ஷா வகுப்புக்கு வரவில்லை. அவள் செய்த ஐஸ் குச்சிப் பாலத்தில் மணல் வாளியைத் தொங்கவிட்டோமே, வாளி நிறைவதற்குள் நடுவில்தான் முறியும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தாள். வாளி நிறைந்தும் முறியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பாலத்திலும் முறியும் வரை விடாமல் பாரம் ஏற்றுவது நம் வழக்கம். இதை மட்டும் கம்பெனிக்காரர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போனேன். "அவளுக்குப் பிசிக்ஸே வராதாம் டீச்சர். அங்குட்டு வரமாட்டேன்னு அழுகுறா. நீங்களே கேளுங்க," என்றார் அவள் அம்மா அக்கம்மாள். பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு மனசே சரியில்லை.

உன்
தேனம்மை

சென்னை
20.7.2025

அன்புத் தேனு,

பாலம் உடையவில்லை என்று அழுகிற பிள்ளையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். உன்னிடம் படித்தால் அப்படித்தான் ஆகும். புது மேஜையில் உட்காரவை, தானாக வந்துவிடுவாள். அந்தப் பாலத்தை எடுத்து நோண்டிக்கொண்டிருக்காதே. அதன் வீடியோவைக் கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராகக் காட்டுகிறார்கள்.

லேகா

காரைக்குடி
27.7.2025

லேகா,

நோண்டாதே என்று நீ எழுதியதால்தான் நோண்டினேன். நடுவில் ஒட்டியிருந்த இரண்டு குச்சிகளைப் பிரித்தால் உள்ளே சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி இருக்கிறது. கூடத்துக்கு இருப்பதே இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று உன்னிடம்.

அந்தப் பிள்ளை போட்ட கோடு சரி. தன் மூளைதான் தப்பு என்று அழுதுகொண்டிருக்கிறது. நான் திட்டமாட்டேன். ஒரே ஒரு தடவை வந்து, நீயே அவளிடம் சொல்லிவிட்டுப் போ.

தேனம்மை

சென்னை
4.8.2025

தேனு,

ஆமாம், வைத்தேன். முறிந்திருந்தால் அவர்கள் எழுந்து போயிருப்பார்கள். உடைவதில்தான் பாடம் இருக்கிறது என்பதெல்லாம் உனக்கும் எனக்கும் புரியும், காரில் வந்து இறங்குகிறவர்களுக்குப் புரியாது. கூடம் கையைவிட்டுப் போகக்கூடாது என்றுதான் செய்தேன், எனக்காக இல்லை. இப்போது வந்து சொன்னால் அத்தனையும் போய்விடும். சின்னப் பிள்ளை, மறந்துவிடும். என்னை வரச் சொல்லாதே.

லேகா

காரைக்குடி
18.8.2025

லேகாவுக்கு,

நீ வரமாட்டாய் என்று தெரிந்ததும் நானே பாலத்தை எடுத்துக்கொண்டு தீக்ஷா வீட்டுக்குப் போனேன். கம்பியை உருவி, வளைத்துப் பார்த்தாள். "நீங்க வச்சீகளா டீச்சர்?" என்றாள். இல்லை என்றேன். நம்பினாளா என்று இன்னும் தெரியவில்லை.

கம்பெனிக்கும் உண்மையை எழுதிவிட்டேன். மேஜைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். வாடகைக்கு வழியில்லாததால் மாதக் கடைசியில் கூடத்தைக் காலி செய்கிறேன்.

தீக்ஷா வகுப்புக்கு வருகிறாள். ஆனால் வாளியைத் தொங்கவிடுவதற்கு முன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று பாலத்தைப் பிரித்துவிடுகிறாள். மற்றப் பிள்ளைகளும் அப்படியே பழகிவிட்டார்கள். பிரித்துப்போட்ட குச்சிகளில் நான் எதைத் தொங்கவிடுவது? அதன்பிறகு ஒரு பாலத்தில்கூட மணல் ஏற்றவில்லை.

கூடத்துக்கு யார் யாரிடம் சாவி இருக்கிறது என்று நேற்று கேட்டாள். இருப்பது இன்னும் சில நாள்தான், இருந்தாலும் அவள் கண்முன்னாலேயே பூட்டை மாற்றினேன். உன்னிடம் இருக்கிற சாவியை நீ திருப்பி அனுப்ப வேண்டாம்.

தேனம்மை