ஆறாம் வார ஊசி

மார்ச் 3, திங்கள்

ஆறு வார விடுப்பு முடிந்தது. காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். கூடத்தில் என் கணவர் குமரகுரு தறியில் உட்கார்ந்துவிட்டார். இப்போதெல்லாம் சாப்பிட மட்டும்தான் எழுந்திருக்கிறார். என்னோடு பேச்சே இல்லை.

டீம் லீட் தேவேந்திரன் சென்னையிலிருந்து அழைத்தார். புது ஜாவா வெப் புராஜெக்ட், முதலிலிருந்து நான்தான் செட்டப் செய்ய வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். பச்சைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாளை நினைவூட்டும் தளம்.

சரி சார் என்றேன். உடம்பு சரியில்லை என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். குழந்தை செத்துப் பிறந்தது அவருக்குத் தெரியாது.

மார்ச் 4

புரோகிராம் எழுத ஜாவா, எக்லிப்ஸ், அதை ஓட்ட டாம்கேட் சர்வர், மூன்றையும் புதிதாக இறக்கினேன். புராஜெக்டுக்கு என்ன பெயர் என்று கேட்டது. கை நின்றுவிட்டது. 'தடுப்பூசி' என்று அடித்தேன்.

சர்வர் ஓடவில்லை. அது ஓட வேண்டிய 8080 போர்ட்டை வேறெதுவோ பிடித்திருக்கிறதாம். தேடினால், கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் நான் போட்டுவைத்த பழைய டாம்கேட். லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் தானாக ஓடியிருக்கிறது. நிறுத்தினேன்.

மார்ச் 5

நாள் முழுக்க 404, பக்கம் கிடைக்கவில்லை என்றே வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது. பால் வற்றிப் பத்து நாள் ஆகியும் மார்பு கனத்து வலித்தது — இதைப் போய் யாரிடம் சொல்வது?

மார்ச் 6

பக்கத்தைத் தப்பான ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். மாற்றியதும் வந்துவிட்டது. இவ்வளவுதானா?

மார்ச் 10, திங்கள்

படிவம் முடிந்தது. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர். சோதித்துப் பார்க்க ஒரு குழந்தை வேண்டும். ஏதாவது பொய்ப் பெயர் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை?

அபி. ஜனவரி 19. கலைவாணி.

பட்டனை அழுத்தினேன். சிவப்பு எழுத்தில் வந்தது: 'ஆறாம் வார ஊசி மார்ச் 2. தவறிவிட்டது. தாய்க்கு நினைவூட்டவும்.'

கணக்கு சரி. நான் எழுதினது சரியாத்தான் ஓடுது. சரியா ஓடுதுன்னு அழுதேன். வாயைப் பொத்தியும் அடங்கல.

தறிச் சத்தம் நின்றது. அவர் வந்து திரையைப் படித்தார்.

"அபின்னா யாரு வாணி?"

"நம்ம பொண்ணு. நான் மனசுக்குள்ள வெச்ச பேரு. உங்ககிட்ட கூட சொல்லல."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எனக்கு மயக்கம் தெளிவதற்குள் குழந்தையை எடுத்துப் போய்விட்டார்கள். முகம் எப்படி இருந்தது என்று இதுவரை நான் யாரையும் கேட்டதில்லை. கேட்டேன்.

"துணியில சுத்திக் குடுத்தாங்க. விலக்கிப் பார்த்தேன். தூங்கிக்கினு இருக்கற மாதிரிதான் இருந்துது. உன் மூக்கு." திரையில் அந்தப் பெயரைத் தொட்டார். "சொன்னா நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன். எனக்கே தாங்கல."

மார்ச் 12

தேவேந்திரன் சார் அழைத்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டார், வேறு புராஜெக்டுக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் சார், நானே முடிக்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. ஆனால் இதை இன்னொருத்தர் கையில் கொடுக்க மனசு வரவில்லை.

மார்ச் 13

சோதனைப் பதிவுகளை எல்லாம் அழித்தேன். கடைசியாக அவளை.

மார்ச் 16, ஞாயிறு

விடிந்ததும் வண்டியை எடுத்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பாலாற்றங்கரையில் நிறுத்தி, முட்செடியை விலக்கிக் காட்டினார். சின்ன மேடு. அடையாளத்துக்கு மூன்று கல் வைத்திருக்கிறார். போன வாரமும் நான் எழுவதற்கு முன்னால் தனியாக வந்தாராம்.

மண்ணில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

திரும்பும்போது, "அபின்னு எப்போ வெச்ச?" என்றார்.

ஐந்தாம் மாதம், அவள் முதல் தடவை உதைத்த அன்றைக்கு என்றேன். அப்புறம் என்ன பண்ணுவா என்று கேட்டார். காரமாக ஏதாவது சாப்பிட்டால் எப்படிப் புரளுவாள், தறிச் சத்தம் கேட்டால் எப்படி அடங்கிக் கிடப்பாள் — ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு வரும் வரைக்கும் வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.